ரேகையிலிருந்து ரேகைக்கு

'டிஜிட்டல் எழுத்தறிவு' என்கிற சொல் இப்ப எல்லார் வாயிலும் புரள்கிறது. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதே, முகம் தெரியாதவரோடு பேசாதே, படத்தைப் போடாதே – பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் இதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஆபத்து எப்போதும் வெளியே இருந்து, எவனோ ஒருத்தனிடமிருந்து வருவதாகவே இந்தச் சொல்லாடல் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளையின் அடையாளத்தை முதலில் எழுதி வைத்தது யார் என்ற கேள்வி அதற்குள் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதுவும் நம்ம பக்கத்து வரலாறு.

1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கைச்சுவடு வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் வந்தது. அதற்கு முன்பே, 1871இல், குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்துவிட்டது. 1911இன் திருத்திய சட்டத்தோடு அது சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, மதுரை மாவட்டத்துப் பிறமலைக் கள்ளர்கள் அதைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. 'ரேகைச் சட்டம்' என்றார்கள். (திண்டுக்கல்லும் ஆத்தூரும் 1985 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.) ரேகை பதிந்தவன் ராத்திரி காவல் நிலையத்தில் இருக்க வேண்டும்; வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

இதே நிர்வாகம்தான் பள்ளிக்கூடமும் திறந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளில் பல பத்தாண்டுகள் அந்தப் பெயரோடேயே நடந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அங்கிருந்து வந்தவை. ஒரு கையில் சிலேட்டு, இன்னொரு கையில் மசி. பரீட்சையும் பதிவேடும் சேர்ந்து ஒவ்வொரு மனிதரையும் ஒரு 'வழக்காக' மாற்றுகின்றன என்று ஃபூக்கோ 1975இல் எழுதியது நமக்குப் புதுச் செய்தி அல்ல.

விடுதலைக்குப் பிறகு 'கைநாட்டு' வசைச்சொல்லானது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, தன் பேரைத் தானே எழுதிய பெண்ணின் கையெழுத்து ஒரு தன்னிலையின் பிரகடனமாக இருந்தது. கையெழுத்தை நாம் போடுகிறோம். ரேகையை நம்மிடமிருந்து எடுக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிசு.

2010இல் ஆதார் வந்தது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பாட்டி ரேஷன் கடையில் திரும்பவும் விரலை நீட்டினாள். பேரனுக்கு ஐந்து வயதில் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை ரேகை. பள்ளியில் சேர்ந்ததும் எமிஸ் எண். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பெரிய காரியம், குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் பிள்ளை எந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே எந்திரம் பிள்ளையைத் தொட்டுவிடுகிறது என்பதும் உண்மை.

ரேகைச் சட்டமும் ஆதாரும் ஒன்றல்ல. ஒன்று தண்டிக்கப் பதிந்தது, மற்றது சலுகை தரப் பதிகிறது. ஆனால் இரண்டிலும் பதியப்படுபவருக்குப் பதிவேட்டை வாசிக்கத் தெரியாது. இந்த வாசிப்பைத்தான் பள்ளி கற்றுத்தர வேண்டும்.

உதாரணமாக, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுவயதில் எடுத்த ஆதாரை, பதினெட்டு நிரம்பிய ஆறு மாதத்துக்குள் ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது 2019இன் திருத்தச் சட்டம். பிளஸ் டூ முடித்து வெளியேறுகிற வயசு அது. எத்தனை வகுப்பறைகளில் இதைச் சொல்லியிருக்கிறோம்?

இன்னொன்று, பெயர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. அதன் பலனாக நம்மில் பலருக்கு இனிஷியல் மட்டும்தான் உண்டு. இணையப் படிவமோ 'கடைசிப் பெயர்' கேட்டு அடம் பிடிக்கிறது. அப்பா பேர் குடும்பப் பேராகி, பிள்ளை தன் பேரால் அழைக்கப்படாமல் போகிறது. அந்தக் காலிக் கட்டம் யாருடைய வழக்கத்தைக் கொண்டு வரையப்பட்டது என்று கேட்கத் தெரிவதும் எழுத்தறிவுதான்.

ஆத்தூர் வட்டாரத்தில்தான் 1947இல் காந்திகிராமம் எழுந்தது. எழுத்தறிவு மட்டுமே கல்வியாகிவிடாது என்பது அதற்குப் பின்னிருந்த ஆதாரக் கல்விச் சிந்தனை. விசைப்பலகை தட்டத் தெரிவதும் அப்படித்தான். ஒரு மாணவி தன் எமிஸ் பதிவைத் தானே திறந்து பார்த்து, இதில் சாதி ஏன் இருக்கிறது, யார் பார்ப்பார்கள், தப்பாக இருந்தால் எங்கே போய்த் திருத்துவது என்று வாத்தியாரைக் கேட்க வேண்டும். வாத்தியாருக்கும் பதில் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, இருவருமாகச் சேர்ந்து மனு எழுதட்டும். கீழே கையெழுத்துப் போட்டு.