டேர் டு பி டிஜிட்டல்

டேர் டு பி டிஜிட்டல் என்பது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலுள்ள அபர்டே பல்கலைக்கழகம் 2000களில் ஆண்டுதோறும் நடத்திய மாணவர் கணினி விளையாட்டு உருவாக்கப் போட்டியாகும்.

சணல் ஆலைகளால் வளர்ந்த டண்டீ, அவை நலிந்தபின் வேறு தொழில் தேட நேர்ந்தது. 1980களில் அங்கிருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிகள் தயாராயின. ஊர் இளைஞர்கள் அவற்றில் நிரல் எழுதிப் பழகினர். 1991இல் வெளிவந்த லெம்மிங்ஸ் விளையாட்டு டண்டீயில் உருவானதே. 1997இல் அபர்டே, கணினி விளையாட்டுக்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அடுத்து வந்ததே இப்போட்டி.

நிரலாளர்களும் ஓவியர்களும் சேர்ந்த மாணவர் குழுக்கள், கோடை விடுமுறையில் சில வாரங்களுக்குள் மாதிரி விளையாட்டு ஒன்றை உருவாக்கின. பின்னர் புரோட்டோபிளே விழாவில் பொதுமக்கள் அவற்றை விளையாடிப் பார்த்தனர். வென்ற மூன்று குழுக்கள் பாஃப்டாவின் மாணவர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. முன்பின் அறியாதவர் கையில் தம் படைப்பைக் கொடுப்பதே மாணவர்க்கு உண்மையான தேர்வாயிற்று.