லா மோர்தோலாவின் கற்றாழைச் சரிவு

இத்தாலியின் வடமேற்குக் கோடியில், பிரான்சு எல்லையை ஒட்டிய கடல்முனை லா மோர்தோலா. வாடைக்காற்றைப் பின்னாலுள்ள மலைகள் மறிக்கின்றன. தெற்கு நோக்கிய சரிவில் நாள் முழுதும் வெயில். கோடையில் மழை அரிது. ஷாங்காயில் பட்டும் தேயிலையும் விற்றுப் பொருள் ஈட்டிய ஆங்கிலேயர் தாமஸ் ஹான்பரி 1867இல் இந்த நிலத்தை வாங்கினார். மருந்துச் சரக்குகளை ஆய்ந்த அறிஞரான அண்ணன் டேனியலும், லுட்விக் விண்டர் என்ற ஜெர்மானியத் தோட்டக்காரரும் நடவுக்குத் துணைநின்றனர். 18 ஹெக்டேர் பரப்பில் எழுந்த தோட்டத்தில், மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட அகாவே, அதாவது நம் ஆனைக்கற்றாழையின் பேரினம், தனி இடம் பிடித்தது. (சோற்றுக்கற்றாழை தோற்றத்தில் ஒத்தாலும் நெருங்கிய உறவல்ல.)

அகாவேக்கு உரம் பெரிதல்ல, வடிகால்தான் பெரிது. தடித்த மடல்களில் நீரைச் சேர்த்துவைத்து, இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில் மட்டுமே திறப்பதால் வறட்சியைத் தாங்கிவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால் அழுகிப்போகும். மெக்சிகோவில் மழை கோடையில். இந்தக் கரையிலோ இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும். நீர் தங்காத சரிவு அமைந்திராவிட்டால் வெயில் மட்டும் செடிகளைக் காத்திராது.

செடிகள் இங்கே திறந்த நிலத்தில் நிலைத்ததால் அறிவியலுக்கும் ஆதாயம் கிடைத்தது. அகாவேயின் பருத்த மடலை மற்றத் தாவரங்களைப் போலத் தாளில் அழுத்திக் காயவைத்துப் பாதுகாப்பது கடினம். அதனால் 19ஆம் நூற்றாண்டில் பல இனங்கள் கண்ணாடி வீட்டுத் தொட்டிகளில் நின்ற, பூக்காத இளஞ்செடிகளைப் பார்த்தே பெயரிடப்பட்டன. ஒரே செடிக்குப் பல பெயர்கள் சேர்ந்து குழப்பம் மிஞ்சியது. திறந்த நிலத்தில் வளர்ந்தவையோ முழு உருவம் பெற்றுப் பூத்தன. ஆனைக்கற்றாழை பூக்க 10 முதல் 30 ஆண்டுகள்வரை ஆகலாம்; பூத்த செடி பிறகு மடிந்துவிடும். ஆகவே பூவை ஆராய விரும்புகிறவருக்கு நீடித்து நிற்கும் தோட்டம் வேண்டும்.

அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர் ஆல்வின் பெர்கர். 1897இல் தோட்டப் பொறுப்பேற்ற அவர், 1912இல் அதன் செடிப்பட்டியலை வெளியிட்டார். 1914இல் அங்கிருந்து விலகினார். மறு ஆண்டு வெளிவந்த ‘டீ அகாவென்’, அகாவே பேரினம் முழுவதையும் ஒழுங்குபடுத்திய பெருநூல். தோட்டச் செடிகளைப் பெரிதும் நம்பியதே அதன் குறை. காட்டிலேயே ஆண்டுக்கணக்கில் அலைந்து ஆராய்ந்த ஹோவர்ட் ஸ்காட் ஜென்ட்ரி, வட அமெரிக்க அகாவேக்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட நூல் அக்குறையைப் பெரும்பாலும் போக்கியது.

இரண்டாம் உலகப்போரில் தோட்டம் பலத்த சேதமடைந்தது. 1960இல் இத்தாலிய அரசு அதை வாங்கியது. இன்று அதை நடத்துவது ஜெனோவா பல்கலைக்கழகம்.