நம்பரை முதல்ல கழட்டு

இங்கிலாந்துல ஆன்சைட்ல இருந்தப்போ, எங்க டீம்ல ஒரு வெள்ளைக்காரர் தன் அப்பாவோட பழைய மினி கூப்பரைப் பிரிச்சு வித்தார். முதல்ல போனது எஞ்சினோ கியர்பாக்ஸோ இல்லை, நம்பர்! வண்டி தானா ஓடுற நிலைமையில இருந்தாதான் நம்பரைத் தனியா எடுக்க முடியும். அதனால நம்பரை வித்துட்டு, அப்புறம்தான் ரேஸ் கார்புரேட்டர், சஸ்பென்ஷன்னு ஒவ்வொண்ணா. டேட்டாபேஸ்ல குப்பை கொட்டுற எனக்கு, பிரைமரி கீயைத் தனியா விக்கிற மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

1903 மோட்டார் கார் சட்டப்படி, 1904 ஜனவரி 1 முதல் அங்கே வண்டிகளுக்கு நம்பர் கட்டாயம். லண்டனோட 'ஏ 1' நம்பருக்காக ரஸ்ஸல் பிரபு ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்தார்னு சொல்லுவாங்க (தத்துவ மேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோட அண்ணன்தான்!). ஃபேன்சி நம்பர் பைத்தியம் அப்பவே ஆரம்பம்.

அரசாங்கம் கல்லாவைத் திறந்தது ரொம்ப லேட். 1983ல புது எழுத்து வரிசை வந்தப்போ 1 முதல் 20 வரைக்கும் யாருக்கும் குடுக்காம ஒதுக்கி வச்சாங்க. 1989ல கிறிஸ்டீஸ்ல முதல் ஏலம். 2014ல '25 ஓ' நம்பர் வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 5,18,000 பவுண்ட். வாங்கினவர் ஃபெராரி 250 வச்சிருக்கற வியாபாரி. 250 புரியுதா?

பழைய பார்ட்ஸ் வாங்கி வண்டி கட்டுறவங்களுக்கு இன்னொரு தலைவலி. ரொம்ப வருஷமா ஒரு மார்க் கணக்கு இருந்துச்சு. சேசிஸ் அல்லது பாடிக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் தலா 2, எஞ்சினுக்கு வெறும் 1! மொத்தம் 8 வந்தாதான் பழைய நம்பர் நிலைக்கும். இல்லேன்னா 'க்யூ'ன்னு ஆரம்பிக்கிற நம்பர். அதை மறைக்க ஃபேன்சி நம்பரும் மாட்ட முடியாது. 2025ல இந்த விதிகளைத் தளர்த்தினாங்க.

1964 மாண்டி கார்லோ ராலியில பேடி ஹாப்கிர்க் ஜெயிச்ச மினியோட நம்பர் '33 ஈஜேபி'. 'ஜேபி'ன்னா பெர்க்‌ஷயர், வண்டியைத் தயார் பண்ணின ஆபிங்டன் அப்போ அந்த மாவட்டம்தான். நம்பரைப் பார்த்தே ஊரைச் சொல்லிடலாம். அந்த வண்டி மியூசியத்துல பத்திரமா இருக்கு.

நம்ம ஆள் வண்டி அப்படியா? நம்பரை வித்தப்புறம் ஏதோ மாற்று நம்பர் குடுத்தாங்க, அதோட பாடி காயலான் கடைக்குப் போச்சு. ஒரு நாள் அப்பாவோட நம்பர் ஒரு ரேஞ்ச் ரோவர்ல போறதைப் பார்த்தாராம். ரெண்டு சிக்னல் வரைக்கும் பின்னாடியே போயிட்டு, ஆபீஸுக்கு லேட்டா வந்தார்.