கையுறை அணிந்த கருணை: கொல்லிமலை ஊழிய வரலாறு கற்பிக்கும் பாடம்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் நம் சபைகளில் ஒதுக்கப்படுவதற்கு அன்பின் குறைவே காரணம் என்று நாம் பொதுவாகக் கருதுகிறோம். கொல்லிமலை ஊழிய வரலாறோ வேறொரு பாடத்தையும் நமக்குத் தருகிறது. அன்பு நிறைந்த இல்லத்திலும் அச்சம் குடியிருக்கக்கூடும். அதை வெளியேற்ற அறிவும் வேண்டும்.

இன்று காரவள்ளியிலிருந்து சோளக்காட்டிற்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறுகிறது. ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் 1913இல் இம்மலையில் ஊழியத்தைத் தொடங்கியபோது இந்தச் சாலை இல்லை. வாழவந்தியில் தங்கி, மருந்தளித்து, பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி, மலைமக்களோடு அவர்கள் வாழ்ந்தனர். ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலால் இம்மலையிலேயே மரித்தார். இவர்களுடைய அன்பை எவரும் ஐயுறார்.

ஆயினும், அவர்களுடைய மகன் பால் பிராண்டு பிற்காலத்தில் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தார். தொழுநோயாளர் சிலர் வீட்டை நாடி வந்தபோது, பிள்ளைகள் விலக்கி நிறுத்தப்பட்டனர். தந்தை கையுறை அணிந்தே புண்களுக்குக் கட்டுப்போட்டார். உணவு வைத்துக் கொடுத்த கூடை பின்னர் எரிக்கப்பட்டது. இதனைக் குற்றமெனக் கூறுவதற்கில்லை. அக்காலத்து அறிவு அவ்வளவே. கருணை இருந்தது, ஆனால் அது கையுறை அணிந்திருந்தது.

அந்தச் சிறுவனே மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை; நரம்புகள் உணர்விழப்பதால் காயமும் தீப்புண்ணும் உணரப்படாமற்போய், அவற்றாலேயே உறுப்புகள் சிதைகின்றன என்று அவர் காட்டினார். மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்தார். ஆயினும் சமுதாயத்தின் மனம் மெதுவாகவே மாறுகிறது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது.

அதே வேலூர் கல்லூரி மற்றொரு நோயின் வரலாற்றிலும் இடம்பெற்றது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் அங்கே சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் அவற்றிலேயே கண்டறியப்பட்டது. உடனே பழைய அச்சம் புதிய பெயரோடு எழுந்தது. இம்முறை பாவத்தின் தண்டனை என்ற தீர்ப்பும் அதனோடு சேர்ந்தது. ஆனால், கொல்லிமலையைத் தன்னகத்தே கொண்ட நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கௌசல்யா கணவர் வழியாகத் தொற்றுக்குள்ளானவர். அவரும் வேறு சில பெண்களும் இணைந்து, தொற்றுடன் வாழும் பெண்களுக்கென 1998இல் ஓர் அமைப்பை நிறுவினர். இரக்கத்திற்குரியோர் என்று பிறர் கருதியவர்கள் தங்கள் உரிமைக்காகத் தாங்களே பேசினர்.

இன்று அறியாமையைச் சாக்காகக் கூற நமக்கு இடமில்லை. தொடுதலாலோ, திருவிருந்தின் பொதுக் கிண்ணத்தாலோ எச்.ஐ.வி. பரவுவதில்லை. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகவும் அது பரவுவதில்லை. 2017ஆம் ஆண்டின் சட்டம் வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. ஒருவரது தொற்று நிலை இரகசியமாகக் காக்கப்படவேண்டும் என்றும் கூறுகிறது.

ஆகவே குருமாராகிய நமது கடமை தெளிவானது. ஜெபக் குறிப்பு என்ற பெயரால் ஒருவரது நோயைச் சபையார்முன் வெளியிடலாகாது. தொற்றுடையவரின் அடக்க ஆராதனையைச் சுருக்கலாகாது. அவருடைய பிள்ளைகளை ஞாயிறு பள்ளியில் தனியே அமர்த்தலாகாது. நம் ஆண்டவர் குஷ்டரோகியைக் குணப்படுத்திய பின்னர் தொடவில்லை, தொட்டே குணப்படுத்தினார். பிராண்டு தம்பதியருக்குக் கிட்டாத அறிவு நம் கையில் இருக்கிறது. அவர்களிடம் இருந்த அன்பு நம்மிடம் இருக்கிறதா என்பதே இனி எழும் கேள்வி.