வெசாலியசின் எலும்புக்கூட்டுப் படங்கள்

வெசாலியசின் எலும்புக்கூட்டுப் படங்கள் என்பன, அந்திரேயாசு வெசாலியசு (1514–1564) எழுதிய மனித உடலின் கட்டமைப்பு பற்றிய இலத்தீன் நூலில் இடம்பெற்ற மரச்செதுக்கு அச்சுப் படங்கள் ஆகும். ஏழு பகுதிகளைக் கொண்ட இந்நூல் 1543 ஆம் ஆண்டில் பாசெல் நகரில் ஒபோரினசு என்பவரின் அச்சகத்தில் வெளியானது. இதன் முதற் பகுதி எலும்புகளையும் குருத்தெலும்புகளையும் பற்றியது. மறுமலர்ச்சிக் கால ஓவியத்தின் வழியாக மனித எலும்பு மண்டலத்தைக் கற்பதற்கு இவற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

முழு எலும்புக்கூட்டைக் காட்டும் படங்கள் மூன்று. முன்புறத் தோற்றத்தில் எலும்புக்கூடு மண்வெட்டி ஒன்றைப் பற்றி நிற்கின்றது. பக்கத் தோற்றத்தில், கல்லறை மேடையில் சாய்ந்து மண்டையோடு ஒன்றை நோக்கிச் சிந்திக்கின்றது. பின்புறத் தோற்றத்தில் துயரத்தால் குனிந்து நிற்கின்றது. இவை அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. எலும்புகளின் மீது பொறிக்கப்பட்ட சிற்றெழுத்துக்களைக் கொண்டு, அவற்றின் பெயர்களை உரிய விளக்கப் பட்டியலில் காணலாம்.

வரைந்தவர் யார் என்பது உறுதியாகவில்லை. வெசாலியசு 1538 இல் வெளியிட்ட ஆறு படத்தாள்களில் மூன்று எலும்புக்கூடுகளை யான் வான் கல்கார் வரைந்திருந்தார். இதனால் இப்படங்களும் அவருடையவையாகவோ, வெனிசில் இருந்த தித்தியானின் ஓவியக்கூடத்தைச் சேர்ந்தவையாகவோ கருதப்படுகின்றன.

அக்காலப் பல்கலைக்கழகங்களில் கேலனின் கூற்றே இறுதியானதாக இருந்தது. ஆனால் கேலன் பெரும்பாலும் குரங்கு முதலிய விலங்குகளையே அறுத்து ஆராய்ந்தவர். மார்பெலும்பு ஏழு துண்டுகளால் ஆனது என்றும், கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றும் அவர் கூறியிருந்தார். வெசாலியசு முன்னதை மூன்றாகவும் பின்னதை ஒன்றாகவும் காட்டினார். ஒரு படத்தில் மனித மண்டையோடு நாயின் மண்டையோட்டின் மேல் வைக்கப்பட்டுள்ளது. கேலன் மனிதருக்கு உரியதாகக் கூறிய மேல்தாடைப் பொருத்து உண்மையில் நாய்க்கு உரியது என்பதை வாதமின்றி இது உணர்த்துகின்றது. ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்னும் நம்பிக்கையையும் அவர் மறுத்தார்.

அவருடைய ஆசிரியரான சில்வியசு இதனைக் கடுமையாக எதிர்த்தார். கேலன் தவறவில்லை, அவர் காலத்துக்குப் பின்னர் மனித உடலே மாறிவிட்டது என்பது அவர் தரப்பில் கூறப்பட்ட சமாதானம்! எனினும் வெசாலியசின் நூலும் முழுமையானது அன்று. 1543 ஆம் ஆண்டுப் பதிப்பில் செவிச் சிற்றெலும்புகளுள் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் மட்டுமே உள்ளன. அங்கவடி எலும்பு இல்லை.

இவ்வறிவுக்கான உடல்கள் பெரும்பாலும் தூக்குமேடையிலிருந்து வந்தன. மாணவராக இருந்தபோது, லூவன் நகருக்கு வெளியே தண்டிக்கப்பட்டுத் தொங்கிய ஒருவனின் எலும்புகளை வெசாலியசு மறைவாக எடுத்துச் சென்றார். 1543 இல் பாசெலில் தலை துண்டிக்கப்பட்ட யாக்கோபு காரர் என்பவனின் எலும்புகளை அவர் கோத்து அமைத்த கூடு, அந்நகரின் உடற்கூற்றியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. வெனிசில் செதுக்கி ஆல்ப்சு மலையைக் கடந்து கொண்டுசெல்லப்பட்ட மர அச்சுக் கட்டைகளோ எஞ்சவில்லை. அவற்றிலிருந்து கடைசியாக 1934 இல் படங்கள் அச்சிடப்பட்டன. பின்னர் இரண்டாம் உலகப் போரில் மியூனிக் நகர் மீது நடந்த குண்டுவீச்சில் அவை அழிந்தன.