வணிகக் கடிதம்

வணிகக் கடிதம் என்பது சரக்கு, பணம், வேலை ஆகியவற்றைப் பற்றித் தொழில் செய்வோர் தமக்குள் எழுதிக்கொள்ளும் கடிதம். விலை கேட்டல், கொள்முதல் ஆணை, முறையீடு, நிலுவை நினைவூட்டல் எனப் பல வகைப்படும். படித்து முடித்தவருக்குத் தாம் செய்ய வேண்டியது என்ன என்பதில் ஐயம் எழாதிருப்பதே நல்ல கடிதத்தின் இலக்கணம்.

இவ்வகையின் மிகப் பழைய பெருந்தொகுப்பு துருக்கியில் கிடைத்தது. கயிசேரி நகரை அடுத்த குல்தெப்பே மேட்டில், பண்டைக் கானேசில், ஏறத்தாழ 23,000 களிமண் பலகைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பெரும்பாலானவை கி.மு. 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மெசொப்பொத்தேமியாவின் அசூர் நகரத்து வணிகர்கள் வெள்ளீயத்தையும் துணியையும் கழுதைகளில் ஏற்றி அங்கே கொண்டுவந்து, வெள்ளியும் பொன்னும் பெற்றனர். எழுதிய பலகையை மெல்லிய களிமண் உறைக்குள் மூடி முத்திரையிட்டு அனுப்புவது வழக்கம். எழுதுபவர் யார், பெறுபவர் யார் என்பது முதல் வரியிலேயே வந்துவிடும். அடுத்து நேரே செய்தி.

இவற்றுள் புசூர்-அசூர் என்னும் வணிகர் வக்கூர்த்தும் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதம் சிறப்பானது. முன்பு அனுப்பிய துணியைக் காட்டிலும் ஒன்றுக்கு ஒரு மினா எடைக் கம்பளி கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்தைச் சீவ வேண்டும், கத்தரிக்கக் கூடாது. நீளம் ஒன்பது முழம், அகலம் எட்டு முழம் என்று அவர் கேட்கிறார். ‘தரமான துணி அனுப்புக’ என்று மட்டும் எழுதியிருந்தால் நெய்பவர் எதைக் கொண்டு நெய்வார்? அளவும் எண்ணும் சொல்லிக் கேட்கும் இந்த முறைக்கு இன்றைய கொள்முதல் ஆணையும் புதிதாக எதையும் சேர்த்துவிடவில்லை. அசூரில் தறியில் அமர்ந்திருந்த பெண்களும் கணக்குக் கேட்டுக் கணவருக்கும் உறவினருக்கும் எழுதினர்.

மெசொப்பொத்தேமியாவின் ‘ஊர்’ என்னும் நகரத்தில் கி.மு. 1750 அளவில் நன்னி என்பவர் செம்பு வணிகர் எயா-நாசிருக்கு எழுதிய முறையீடு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மட்டமான செம்பு காட்டப்பட்டது, தம் ஆள் அவமதிக்கப்பட்டார் என்று குறைகளைச் சொல்லி, இனித் தம் முற்றத்தில் தாமே பொறுக்கி எடுத்துக்கொள்வதாக முடிக்கிறார்.

தமிழ்க் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற தலைப்புகள் நிலைபெற்றுள்ளன. இவற்றில் ‘பொருள்’ என்னும் வரியே உயிரானது. ‘பணம் வேண்டுதல்’ என்பதைவிட ‘மார்ச் மாதப் பட்டியலுக்கான நிலுவை’ என்பது மேல். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வினை கேட்பவர் யார் என்பதை மறைத்துவிடுகிறது. ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதே முறை. நலம் விசாரித்த பிறகே செய்தியைத் தொடங்க வேண்டும் என்பாரும் உளர். ஆயினும் கோரிக்கை முதற்பத்தியில் நிற்பதே சரி. இங்கிலாந்தில் கருவூலத் துறை கேட்டுக்கொண்டபடி எர்னஸ்ட் கவர்ஸ் எழுதி 1948-இல் வெளிவந்த கையேடும் அலுவலர்களுக்கு எளிய சொற்களையே வற்புறுத்தியது.

கடிதத்துக்குக் காத்திருக்க முடியாதபோது உதவிய தந்திச் சேவை இந்தியாவில் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. வணிகக் கடிதப் போக்குவரத்து இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் நடைபெறுகிறது.