இத்தாலிய உழவர் மகளிர் அணிகலன்கள்

இத்தாலியக் கலை என்றவுடன் மைக்கேலாஞ்சலோவையும் இரபேலையும் போற்றுகின்ற நாம், அந்நாட்டு உழவர் மகளிரின் காதில் ஆடிய தொங்கட்டானை நினைப்பதில்லை. அதன் அருமையை உலகறியச் செய்தவர் ஒரு பொற்கொல்லர் ஆவார்.

உரோம் நகரில் காஸ்டெல்லானி என்னும் பொற்கொல்லர் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்று விளங்கியது. பண்டைய எட்ருஸ்கர் கல்லறைகளில் கிடைத்த அணிகளில், கடுகினும் சிறிய பொன்மணிகள் தகட்டின்மேல் பற்றவைக்கப்பட்டிருந்தன. அவ்வேலையின் நுட்பத்தைத் தேடி அலைந்த அலெஸ்ஸாண்ட்ரோ காஸ்டெல்லானி, அப்பென்னைன் மலைமடியில் சாந்த் ஆஞ்சலோ இன் வாதோ என்னும் சிற்றூரில், மணமகளிர்க்கு நகை செய்யும் எளிய தட்டார்கள் பழைய முறைகள் சிலவற்றைக் கைவிடாதிருக்கக் கண்டார். அவர்களுள் சிலரை உரோமுக்கு அழைத்து வந்தார். பெருநகரம் மறந்த தொழிலை மலையூர் காத்திருந்தது! பல வட்டாரங்களிலிருந்து திரட்டப்பட்ட அவரது உழவர் அணித்தொகுதி 1867ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. அங்கிருந்து விலைக்கு வாங்கப்பட்டு, இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்வணிகள் பார்வைக்குப் பெரியன, எடைக்குச் சிறியன. மெல்லிய தகட்டை உட்கூடாக வளைத்து, சிறு முத்துகளைக் கோத்துத் தொங்கவிட்டனர். வறியவளும் விழாநாளில் நிறைந்த காதோடு கோயிலுக்குச் செல்லத் தட்டார் கண்ட வழி அது. அப்ருத்ஸோ மலைநாட்டில் பிறைவடிவக் காதணிகள் உண்டு. நடக்குந்தோறும் அவற்றின் தொங்கல்கள் கலகலக்கும். அந்நாட்டுப் பெண்ணுக்கு மண உறுதியின்போது அளிக்கப்பட்ட பதக்கம் விண்மீன் வடிவினது. நடுவே இரண்டு நெஞ்சங்கள் இணைந்திருக்கும். வடக்கே லொம்பார்தி நாட்டு மகளிர் வெள்ளி ஊசிகளைப் பின்னலைச் சுற்றி ஞாயிற்றின் கதிர்போலச் செருகினர். மன்சோனியின் புகழ்பெற்ற நாவலில் மணக்கோலத்தில் தோன்றும் லூசியாவும் அவ்வூசிகளை அணிந்தவளே.

தென்னாட்டில் பவழமே தலைமை பெற்றது. கண்ணேறு படாதிருக்கக் குழந்தைகட்கு அதனை அணிவித்தனர். பியெரோ தெல்லா பிரான்செஸ்காவின் ஓவியம் ஒன்றில் குழந்தை இயேசுவின் கழுத்திலும் பவழம் காணலாம். இவ்விடத்தில் நம் நாட்டுத் தொடர்பு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லிவோர்னோ துறைமுகத்து யூத வணிகர் மத்தியதரைக் கடற்பவழத்தைக் கோவைக்கும் சென்னைக்கும் அல்ல, கோவாவுக்கும் சென்னைக்கும் அனுப்பி வைரம் பெற்றனர். சென்னைப் பவழக்காரத் தெரு பெயர் பெற்றது இவ்வணிகத்தாலேயே.

நகை அழகுக்கு மட்டும் உரியதன்று. நிலம் கணவனுடையது, வீடு மாமனாருடையது என்றிருந்த குடும்பங்களில், சீதனமாக வந்த காதணியே அவளுடையது. விளைச்சல் பொய்த்தால் அதுவே அடகுக்குச் செல்லும். ஏழையர்க்குக் குறைந்த வட்டியில் கடன் தர, 1462இல் பெரூஜியாவில் பிரான்சிஸ்கத் துறவியர் முயற்சியால் அடகு நிலையம் எழுந்தது. பின்னர் நகர்தோறும் பரவிற்று. மாதக் கடைசியில் வட்டிக்கடைப் படியேறிய நம்மவர்க்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை. 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ ஒருகோடியே நாற்பது இலட்சம் இத்தாலியர் பிழைப்புத் தேடி நாடு நீங்கினர்.

வறுமை கேட்டபோது அடகு வைத்தவள், மீட்கும் நம்பிக்கையோடு வைத்தாள். 1935இல் அரசு கேட்டது வேறு வகையினது. எத்தியோப்பியாமீது படையெடுத்த முசோலினியின் அரசு, நாட்டு மகளிரிடம் பொன் வேண்டியது. அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் அரசி எலெனா உரோமில் தம் மணமோதிரத்தை அளித்தார். பிராந்தெல்லோ நோபல் பதக்கத்தையே அளித்தார். பிராந்தெல்லோ மனமுவந்து அளித்திருக்கலாம். ஊரார் பார்க்க வரிசையில் நின்ற உழவன் மனைவிக்கு மறுக்கும் உரிமை இருந்ததென நாம் கருதவில்லை. பொன்மோதிரத்துக்கு ஈடாக எஃகு மோதிரம் கிடைத்தது. கொடுத்த பொன் உருக்கப்பட்டது. இத்தாலிய மொழியில் மணமோதிரத்துக்கும் நம்பிக்கைக்கும் 'பேதே' என்னும் ஒரே சொல்தான். அந்நாளுக்கு ஆட்சியாளர் இட்ட பெயரும் 'பேதே நாள்' என்பதே.